பிராசஸர் மாறினாலும் வம்சாவளி அழியாமல் இருக்க: கேள்வி பதில்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் சொந்தபந்தம் கூடும்போதுதான் நம் பக்கம் பல வீடுகளில் வம்சாவளிப் பேச்சே எழும். முன்பு நோட்டில் இருந்தது இப்போது கணினியில் இருக்கிறது. கணினி மாறியதும் திறக்க மாட்டேன் என்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். எந்தப் பதிலைச் செய்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: பழைய கணினி ஓடும்போதே, பழைய மென்பொருளில் இருந்தே தரவைக் கெட்காம் (வம்சாவளி மென்பொருள்கள் தமக்குள் தரவு மாற்றிக்கொள்ளும் பொது வடிவம்) கோப்பாக எடுத்து வையுங்கள்.

பாளையங்கோட்டையில் இருந்து: அண்ணாச்சி, 2017 மாடல் மேக்கை விட்டுட்டு எம்4 மேக் வாங்கிட்டேன். வம்சாவளி மென்பொருளைத் திறந்தா ரோசெட்டா போடணும்னு கேட்டுச்சு. போட்டேன், நல்லாத்தான் ஓடுது. அப்படியே விட்டுரலாமா?

கொஞ்ச காலம் விடலாம். உங்கள் மென்பொருள் இன்டெல் பிராசஸருக்காக எழுதியது. எம் வரிசைச் சில்லு ஆர்ம் வகை. இன்டெல் கட்டளைகள் அதற்குப் புரியாது. நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது ரோசெட்டா 2. ஆப்பிள் 2025இல் அறிவித்தபடி மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுதாக இருக்கும். அதன் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு வேண்டிய பகுதி மட்டும் மிஞ்சும். முதல் ரோசெட்டாவும் இப்படித்தான்: பவர்பிசியில் இருந்து இன்டெலுக்கு மாறிய 2006இல் வந்தது, 2011இல் லயன் என்ற மேக் பதிப்போடு போனது. 2019இல் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32 பிட் மென்பொருள் எல்லாம் ஒரே நாளில் நின்றன.

அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் அந்த மென்பொருளைத் தேர்ந்து கமாண்ட்-ஐ அழுத்துங்கள். ‘கைண்ட்’ வரியில் யுனிவர்சல் அல்லது ஆப்பிள் சிலிக்கான் என்று இருந்தால் கவலை இல்லை. இன்டெல் என்று மட்டும் இருந்தால் புதிய பதிப்பு தேடுங்கள். மேக்ஃபேமிலிட்ரீ, ரீயூனியன் இரண்டுக்குமே ஆப்பிள் சில்லுக்கான பதிப்பு வந்துவிட்டது. மாறி முடிக்கும்வரை மேக்ஓஎஸ் தானாக மேம்படுவதை நிறுத்தி வையுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் இருந்து: தாத்தா சிடியில வச்சிருந்த 1990கள் மென்பொருள். விண்டோஸ் 11ல ‘இந்தக் கணினியில் ஓடாது’ன்னு வருது.

64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டாது. இதில் இரண்டு வகை உண்டு. மென்பொருளே விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது என்றால் டாஸ்பாக்ஸில் ஓட்டுங்கள். டாஸ்பாக்ஸ் பழைய பிராசஸரையே மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. அதனால் இன்டெல், ஆர்ம் எதிலும் ஓடும். இரண்டாவது வகையில் மென்பொருள் 32 பிட்தான், அதை நிறுவும் செட்டப் கோப்பு மட்டும் 16 பிட். அக்காலத்தில் இது சகஜம். பழைய கணினி உயிரோடு இருந்தால் நிறுவிய ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு அதற்குள் நிறுவுங்கள். திறந்ததும் முதல் வேலை கெட்காம் எடுப்பது. அதிலேயே தொடர்ந்து பெயர் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

திசையன்விளையில் இருந்து: கெட்காம் எடுத்துப் புதுசுல ஏத்திட்டேன். இங்கிலீஷ் பேரெல்லாம் சரியா இருக்கு, தமிழ்ப் பேரு ஒண்ணுகூட ஒழுங்கா வரல்லியே.

இதுதான் நம்மவர்களுக்கு அதிகம் நேர்வது. என்ன தெரிகிறது என்பதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

கேள்விக்குறி வரிசையாக வந்தால், கெட்காம் எடுக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது. அந்தக் கோப்பில் இருந்து மீட்க வழியில்லை. கெட்காம் வெறும் உரைக்கோப்புதான். நோட்பேடில் திறந்து மேலே எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் ‘சார்’ (CHAR) என்ற வரியைப் பாருங்கள். ஆன்செல் அல்லது ஆன்சி என்று இருக்கும். இரண்டிலும் தமிழுக்கு இடமில்லை. பழைய கணினிக்குத் திரும்பிப் போய், தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியீட்டைத் தேர்ந்து மறுபடி எடுங்கள். அதனால்தான் பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் உடனே கொடுக்காதீர்கள் என்கிறேன்.

தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் தரவு நலமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, குறியீட்டில் ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ தேர்ந்து சேமித்து மறுபடி ஏற்றுங்கள்.

சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவற்றால் யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் முழுக் கோப்பையும் உள்ளே போட்டுவிடாதீர்கள். பிறப்பு, திருமணம் ஆகியவற்றுக்கான ஆங்கிலக் குறிச்சொற்களையும் அது தமிழாக்கிவிடும். பிறகு எந்த மென்பொருளும் படிக்காது. கோப்பை எக்செலில் பத்தி பிரித்து, பெயர், ஊர், குறிப்பு ஆகியவற்றின் மதிப்பை மட்டும் மாற்றுங்கள். பெயரில் குடும்பப் பெயரைச் சுற்றிய சாய்கோடுகள் இருந்தால் முதலில் எடுத்துவிட்டு, மாற்றிய பின் திரும்பப் போடுங்கள்.

பெயர்கள் சரியாக வந்து நீண்ட குறிப்புகளில் மட்டும் அங்கங்கே கறுப்பு வைரக் குறி தெரிகிறதா? கெட்காம் 5.5.1இல் ஒரு வரிக்கு 255 எழுத்துதான். மிஞ்சினால் ‘கான்க்’ என்ற குறிச்சொல் போட்டு வரியை வெட்டும். சில மென்பொருள்கள் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டுகின்றன. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘சுடலைமுத்து’ மட்டுமே 33 பைட். வெட்டு மூன்றுக்கு நடுவே விழுந்தால் எழுத்து உடையும். எடுப்பதற்கு முன் குறிப்பை ஐந்தாறு சொல்லுக்கு ஒருமுறை என்டர் தட்டிப் பிரித்தால் தப்பும். இரண்டு மென்பொருளுமே கெட்காம் 7 அறியும் என்றால் அதையே எடுங்கள். 2021இல் வந்த அதில் யூடிஎஃப்-8 மட்டும்தான், கான்க்கே கிடையாது.

தென்காசியில் இருந்து: ஸ்நாப்டிராகன் லேப்டாப்பில் மென்பொருள் ஓடுகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டை ஸ்கேன் செய்யப் பழைய ஸ்கேனர் வேலை செய்யவில்லை.

செய்யாது. ஸ்நாப்டிராகனும் ஆர்ம் வகைச் சில்லுதான். ஆர்ம் விண்டோஸ் சாதாரண மென்பொருளை மாற்றி ஓட்டும். ஸ்கேனர் போன்ற கருவியை இயக்கும் டிரைவரை மாற்றி ஓட்டாது. தயாரிப்பாளர் ஆர்ம்64 டிரைவர் தந்திருந்தால் உண்டு. இல்லையென்றால் வேறு கணினியில் ஸ்கேன் செய்து கொண்டுவாருங்கள்.

நாங்குநேரியில் இருந்து: ஆட்கள் எல்லாரும் வந்துட்டாங்க அண்ணாச்சி, போட்டோ ஒண்ணுகூட வரல்ல.

கெட்காம் கோப்புக்குள் படம் இருக்காது, படம் இருக்கும் பாதை மட்டும்தான். விண்டோஸின் சி டிரைவ் பாதை மேக்கிலோ லினக்ஸிலோ இல்லை. படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு நகலெடுங்கள். பிறகு கெட்காம் கோப்பை நோட்பேடில் திறந்து, பழைய பாதையின் பொதுவான முன்பகுதியைப் புதிய பாதையாக ‘ரீப்ளேஸ் ஆல்’ செய்யுங்கள். சாய்கோட்டின் திசையையும் மாற்ற வேண்டும். மாற்றுவது நகலில் மட்டும். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் இருந்து கிராம்ப்ஸுக்கே போவதானால் இந்தப் பாடு வேண்டாம். ‘கிராம்ப்ஸ் எக்ஸ்எம்எல் பேக்கேஜ்’ ஆக எடுத்தால் படமும் கூடவே வரும்.

வள்ளியூரில் இருந்து: கோர் 2 டுவோ கணினி. கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

வேண்டாம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு முதல் பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசஸரில் கட்டாயம் வேண்டும். கோர் 2 டுவோவில் அது கிடையாது. கணினி தொடங்கவே தொடங்காது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. உங்களுடையது 64 பிட்தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு, கிராம்ப்ஸ் நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

சங்கரன்கோவிலில் இருந்து: புது மென்பொருள் ஏற்றியதும் ‘ஒரே ஆள் இரண்டு முறை இருக்கலாம்’ என்று 60 பேரைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கவா?

தயவுசெய்து அந்தப் பொத்தானை மொத்தமாக அழுத்தாதீர்கள். நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். இசக்கிமுத்து மகன் சுடலைமுத்து, சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். பழைய ஆட்களுக்குப் பிறந்த தேதியும் இருக்காது. மென்பொருள் பெயரை மட்டும் பார்த்துத் தாத்தாவையும் பேரனையும் ஒருவராக்கிவிடும். அக்கா மகளைக் கட்டிய குடும்பத்தில் ஒரே ஆள் வரைபடத்தில் இரண்டு இடத்தில் தெரிவது பிழையே அல்ல; அவர் தாய்மாமனும் கணவரும் ஆனவர்.

ஏற்றுவதற்கு முன் பழையதில் மொத்த ஆட்கள், மொத்தக் குடும்பங்கள் இரண்டு எண்ணையும் குறித்து வைத்து, ஏற்றியபின் ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போனால் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் ஏற்றும்போது இரட்டிப்பானவர்கள் அல்ல. பிறகு ஒவ்வொருவராகத் திறந்து, தகப்பனார், மனைவி, ஊர் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் ஒன்றாக்குங்கள். தேதி தெரியாதவர்களுக்கு உத்தேசமாகவாவது பிறந்த ஆண்டு போட்டுவிட்டால், அடுத்த கணினிக்கு மாற்றும்போது இந்தப் பட்டியல் குறையும்.