பொன்னியின் செல்வன் படம் இரண்டும் பார்த்தாயிற்று. இனி நாவலைப் படிக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். ஐந்து பாகத்தையும் கண்டு மலைத்துப்போய், கதைதான் தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு இத்தனை பக்கம் என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்களுக்கு முடிவு இன்னும் தெரியாது. படத்தின் முடிவு வேறு, கல்கியின் முடிவு வேறு. எனக்கு மூன்றாவதாக ஒரு முடிவும் தெரியும்.

1996 இல் சண்டை காரணமாகக் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கராயன் வழியாக மல்லாவிக்குப் போனோம். சித்தப்பாவின் சைக்கிள் கரியரில் ஒரு உரப்பை. அதற்குள் அரிசி, இரண்டு சட்டி, பொன்னியின் செல்வன் நான்கு பாகம். ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகரம்' பக்கத்து வீட்டில் இரவலாக நின்றது. அவர்கள் எங்களுக்கு முதல்நாளே புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டார்கள், புத்தகமும் போய்விட்டது.

தறப்பாள் கொட்டிலுக்குள் நான்கு பாகத்தையும் வாசித்து முடித்தேன். அப்போது வன்னியில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விட்டுத்தான் வெளிச்சம். கண்ணாடி கரிபிடித்துவிடும், இரண்டு பக்கத்துக்கு ஒருக்கால் துணியால் துடைக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் மாதோட்டம் வரும்போது சித்தப்பா, "இது எங்கட மன்னார்ப் பக்கம், பாலாவி ஓடுற இடம்" என்பார். கல்கி 1950 முதல் 1954 வரை சென்னையிலிருந்து எழுதிய கதைக்குள் எங்கள் ஊர்ப்பக்கம் இருந்தது எனக்குப் பெரிய பெருமை.

நாலாம் பாகம் முடிந்த இரவிலிருந்து ஐந்தாம் பாகத்தைச் சித்தப்பா வாயால் சொன்னார். கதை கேட்க விளக்கு எதற்கு என்று அதை நூர்த்துவிடுவார். முழு இருட்டில் குரல் மட்டும். அக்கம்பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளும் வந்து குந்தியிருப்பார்கள். நல்ல இடத்தில் நிறுத்தி, "மிச்சம் நாளைக்கு" என்பார். இருபது நாளுக்கு மேல் போனது.

புத்தகம் என் கைக்கு வந்தது 2003 இல். சண்டையால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கினேன். கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது!' அதில் மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் சாகிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தப்பாவின் கதையில் அவள் சாகவே இல்லை. சுகமாகி, அண்ணன் கந்தமாறனோடு கடம்பூருக்குப் போய்விட்டாள். (மணிமேகலை யார் என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பெண் அவள். படத்தில் அவளே இல்லை.)

ஏன் மாற்றினீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "அந்த வருசம் நீங்கள் பாத்த சாவு காணாதோ?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதனால்தான், நாவலில் உள்ளதை உள்ளபடி எடுக்கவில்லை என்று மணிரத்னத்தைத் திட்டுபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. ஒரு கதைசொல்லியையும் ஒரு இயக்குநரையும் ஒப்பிடலாமா என்று யாராவது வருவீர்கள். ஒப்பிடத்தான் செய்கிறேன். இரண்டு பேரும் முன்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கதையை மாற்றினார்கள். ஐந்து பாகத்தை ஐந்தரை மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் யாரையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கரிகாலனும் நந்தினியும் சிறுவயதில் பழகியதை நாவலில் கரிகாலன் மாமல்லபுரத்தில் பார்த்திபேந்திரனிடம் வாயால் சொல்வான். இரண்டாம் படம் அதைக் காட்சியாகவே தொடங்குகிறது. அந்த இடத்தில் படம் நாவலைத் தாண்டிவிட்டது. கல்கி பக்தர்கள் கோபிக்க வேண்டாம், நானும் பக்தன்தான்.

ஆனால் 2023 இல் வவுனியாவில் இரண்டாம் பாகத்தைப் பார்த்தபோது, முடிசூட்டும் கட்டத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது உண்மை. நாவலில் அந்த முடி வேறொருவனுடைய தலைக்குப் போகும். யார் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தைச் சொல்லும்போதுதான் சித்தப்பாவின் குரல் இருட்டில் தடுமாறியது. மணிமேகலையை மாற்றியவர் இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. படம் இதை ஏன் விட்டதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேரம் போதாது என்று சொல்ல முடியாது, அதற்குப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் ஐந்து பாகமும் புத்தம் புதிதாக இருக்கின்றன, கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டுப் போட்டு. என் மகள் கேட்டபோது, உறுப்புரிமைக்கு அரச உத்தியோகத்தர் ஒருவர் பிணை கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். சரி, வைத்துக் கொண்டுபோனால், திறப்பு வைத்திருப்பவர் இன்று லீவு. உரப்பைக்குள் அரிசியோடு புத்தகம் கொண்டுதிரிந்த சனத்தின் பிள்ளைகளுக்கு இப்படியா? புத்தகம் கிழிந்தால் கிழியட்டும். வாசித்துத்தானே கிழிகிறது.

கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நீங்கள் யாரிடமும் கையெழுத்துக் கேட்கத் தேவையில்லை.

மகள் முதலில் படத்தைப் பார்த்தாள், பிறகுதான் என் 2003 பிரதியை எடுத்தாள். இப்போது நாலாம் பாகத்தில் நிற்கிறாள். கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொண்டு தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் படத்தில் சும்மா வந்து போகிறானே, இவனுக்கு ஏன் கல்கி இவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று நேற்றுக் கேட்டாள்.

மிச்சம் நாளைக்கு என்றேன்.