மீனுக்கு மருந்து, தொட்டிக்குப் பட்டினி: உப்புநீர் மீன் ஒட்டுண்ணிகள் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீடுகளிலும் உணவகங்களிலும் பெரிய உப்புநீர்த் தொட்டிகளைப் பராமரித்து வரும் அண்ணன் ஒருவர், ஒட்டுண்ணி நோய்கள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக அவரவர் வட்டாரப் பெயர் இருக்கிறது.

ஈசூன்: அண்ணே, ஆறடித் தொட்டி, கிட்டத்தட்ட 1,000 லிட்டர். பவளங்களும் உண்டு. புதிதாக விட்ட பவுடர் புளூ டேங் மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி வந்தது. பவளத்துக்கு ஆபத்தில்லாத மருந்து என்று கடையில் கொடுத்ததை ஊற்றினேன். மூன்றே நாளில் புள்ளிகள் போய்விட்டன. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: குணமாகவில்லை தம்பி. புள்ளி உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றும் ஊற்றாமல் விட்டிருந்தாலும் உதிர்ந்திருக்கும். இந்த மாதிரி மருந்துகள் நல்ல பெயர் வாங்குவதே இப்படித்தான்.

நீங்கள் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் ஓர் ஒட்டுண்ணி. கிரிப்டோகேரியான் என்று பெயர். மூன்று முதல் ஏழு நாள் மீன்மேல் இருக்கும். வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் இருட்டு வேளையில், மீனை விட்டு இறங்கி ஊர்ந்துபோகும். பாறை, மணல், கண்ணாடி, நத்தை ஓடு என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் இருநூறு குஞ்சுகள்கூட வெளியே வரலாம். ஓரிரு நாளுக்குள் அவற்றுக்கு மீன் கிடைத்தாக வேண்டும். திறந்த கடலில் பெரும்பாலானவை மீனைத் தேடியே செத்துப்போகும். உங்கள் தொட்டியிலோ திரும்பிய பக்கமெல்லாம் மீன்தான். கடலில் இரண்டு புள்ளியோடு சுகமாக வாழ்ந்த மீன் நம் வீட்டில் சாவது அதனால்தான்.

மீன்மேல் இருக்கும்போது அதற்குத் தோல் காவல். கூட்டுக்குள் இருக்கும்போது கூட்டின் சுவர் காவல். நீந்தித் திரியும் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் மருந்துக்கு அது சிக்கும். அந்தக் குஞ்சைக் கொல்லும் அளவுக்குக் காப்பர், அதாவது செம்பு மருந்து, போட்டால் உங்கள் பவளமும் இறாலும் சேர்ந்தே போய்விடும். அதனால் எல்லா மீனையும் வெளியே எடுத்து வேறு தொட்டியில் வைத்தியம் பாருங்கள். பெரிய தொட்டி மீன் இல்லாமல் கிடந்தால் அங்கே பொரிக்கும் குஞ்சுகள் பட்டினியால் சாகும். புள்ளியே இல்லாத மீனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செவுளுக்குள் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது.

பாசிர் ரிஸ்: எல்லா மீனையும் எடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். என் தொட்டியில் பாறை மலைபோல் அடுக்கியிருக்கிறது. வலையைப் பார்த்தாலே உள்ளே ஓடி ஒளிந்துகொள்கின்றன.

பதில்: வலையோடு துரத்தவே துரத்தாதீர்கள். சுத்தமான பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் சிலவற்றை வாங்கி, முக்கால்வாசித் தண்ணீரை அவற்றில் இறைத்துவிடுங்கள். பவளங்களையும் பாறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தண்ணீரில் வையுங்கள். எடுக்கும் பாறையின் ஓட்டைகளை ஒருமுறை பாருங்கள், சின்ன மீன் உள்ளேயே இருந்துவிடும். மீதிக் கால்வாசித் தண்ணீரில் ஒளிய இடமில்லாமல் நிற்கும் மீனைப் பிடிப்பது அரை மணி நேர வேலை. துரத்திக்கொண்டிருந்தால் ஒரு வாரம் போகும், மீனும் சோர்ந்துபோகும்.

சிகிச்சைத் தொட்டியில் மணலும் பாறையும் வேண்டாம், இரண்டும் காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள நாலு பிவிசி குழாய்த் துண்டு போதும். சம்ப்பில் (பெரிய தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) ஊறவைத்த ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும், மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கும். புதுத் தொட்டியில் ஒட்டுண்ணியைவிட அம்மோனியாதான் முதலில் கொல்லும்.

இப்போது காப்பர். இங்கேதான் நிறையப் பேர் மீனைப் பறிகொடுக்கிறார்கள். காப்பர் பவர் போன்ற கீலேட் செய்யப்பட்ட (செம்பை வேறொரு பொருளோடு பிணைத்த) வகைக்கு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை வேண்டும். குப்ரமின் என்ற இன்னொரு காப்பர் மருந்து என்றால் 0.5 தான். இதன் அளவை அதற்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நிறம் பார்த்து ஒப்பிடும் சோதனைப் பெட்டியை நம்பாமல், எண்ணைக் காட்டும் ஹன்னா மீட்டர் வாங்குங்கள். குறைந்தது நான்கு வாரம் அளவு இறங்காமல் இருக்க வேண்டும். நடுவில் இறங்கிவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். இன்னொன்று, காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டும் திரவங்களை ஊற்றாதீர்கள். சில வகைக் காப்பரோடு அவை சேர்ந்தால் நஞ்சு ஏறும். அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள், அதே அளவு காப்பர் கலந்த புதுத் தண்ணீரால்.

தெம்பனிஸ்: மீன் இல்லாமல் பெரிய தொட்டியை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? ஒருவர் 45 என்கிறார், இன்னொருவர் 76 என்கிறார்.

பதில்: இரண்டுக்கும் காரணம் உண்டு. கூடு பொரிக்க 72 நாள் வரை எடுத்துக்கொண்டது ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. 76 என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். பெரும்பாலான கூடுகள் அதற்கு வெகுமுன்பே பொரித்துவிடும், வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். அதனால் தண்ணீர் 27 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால் 45 நாள் போதும் என்கிறார்கள். ஊரே வெந்தாலும் நாம் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) போட்டுத் தொட்டியை 25இல் வைத்திருக்கும் ஆட்கள். மீன் இல்லாத நாள்களில் சில்லரை 27க்கு ஏற்றிவிடுங்கள். பெரும்பாலான பவளங்கள் அதைத் தாங்கும், மின்கட்டணமும் குறையும். நானாக இருந்தால் அப்படியும் 76 நாள் காத்திருப்பேன். அவ்வளவு பாடுபட்டு மீனைப் பிடித்த பிறகு கடைசியில் அவசரப்படுவானேன்?

அந்த நாள்களில் புதுப் பவளம், நத்தை, வேறு தொட்டியில் நனைந்த வலை எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு நத்தை ஓட்டில் ஒரு கூடு வந்தாலும் கணக்கு மறுபடி தொடங்கும்.

பொங்கோல்: மூவறை வீடு அண்ணா. இன்னொரு தொட்டி வைத்தால் வீட்டுக்காரி என்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவாள். நான்கு சின்ன மீன்கள்தான் இருக்கின்றன. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, காப்பரே தேவையில்லை. இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மீனை முதல் டப்பாவில் விடுங்கள். 72 மணி நேரம் தாண்டுவதற்குள் புதுத் தண்ணீர் நிரப்பிய இரண்டாவதற்கு மாற்றுங்கள். முதல் டப்பாவையும் அதில் இருந்த குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் கழுவி நன்றாகக் காயவையுங்கள். இப்படி நான்கு முறை மாற்றினால் மீனுக்கான சிகிச்சை 12 நாளில் முடிந்துவிடும், தொட்டிக்கான நாள் கணக்கு மட்டும் மேலே சொன்னதுதான். மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டும், ஆனால் அது பொரிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. உப்புத்தான் நிறையச் செலவாகும். இது வெள்ளைப்புள்ளிக்கு மட்டும். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய்க்குப் பலிக்காது.

ஜூரோங் வெஸ்ட்: பூண்டுச் சாறு, சுத்தம் செய்யும் இறால், வெப்பத்தை 30க்கு ஏற்றுவது. இவற்றில் எது உதவும்?

பதில்: பூண்டு பசியைத் தூண்டலாம். இறால் தோலுக்கடியில் இருப்பதைத் தோண்டி எடுக்காது. வெப்பத்தை ஏற்றினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், செவுள் கெட்ட மீனுக்கு அது கொடுமை. மூன்றையும் விடுங்கள்.

செங்காங்: வெல்வெட் என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புள்ளியை எண்ண முடிந்தால் பெரும்பாலும் கிரிப்டோ. எண்ண முடியாத அளவுக்குப் பொன்னிறத் தூசு படிந்திருந்தால் வெல்வெட். ஆனால் தூசு தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, அதற்குள் செவுள் போயிருக்கும். மூச்சு வாங்குகிறதா, சாப்பாட்டை வெறுக்கிறதா, வெளிச்சத்தைத் தவிர்க்கிறதா, வேவ்மேக்கரின் (தொட்டியில் அலை உண்டாக்கும் கருவி) ஓட்டத்துக்கு எதிரே போய் நிற்கிறதா என்று பாருங்கள். கிரிப்டோ உங்களுக்குச் சில நாள் அவகாசம் கொடுக்கும். வெல்வெட் இரண்டு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அன்றைக்கே மீனைக் காப்பருக்கு மாற்றுங்கள், காற்றைக் கூட்டி வையுங்கள்.

உட்லண்ட்ஸ்: வாங்கி வந்த ஜோடிக் கோமாளி மீன்களின் தோல் சளி சளியாக உரிகிறது. காப்பரில்தான் இருக்கின்றன, ஆனாலும் மோசமாகிக்கொண்டே போகிறது.

பதில்: அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கும். கோமாளி மீன்களை அதிகம் தாக்குவது. காப்பர் அதற்குக் கேட்காது. வழக்கமான வைத்தியம் ஃபார்மலின் குளியல். 10 லிட்டர் தனி உப்புநீருக்கு 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி, காற்றுக் குழாய் ஓட அரை மணி நேரம். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குளித்த மீன் காப்பர் இல்லாத சுத்தமான தொட்டிக்குத்தான் போக வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த ஃபார்மலினைத் தொடாதீர்கள். எந்த ஃபார்மலினும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போவதுதான் சரி.

பிடோக்: என் பையன் கேட்கச் சொன்னான். செந்தோசாவில் இருக்கும் மாதிரிப் பெரிய தொட்டியில் வெள்ளைப்புள்ளி வந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: நல்ல கேள்வி. 2012இல் எஸ்இஏ அக்குவேரியமாகத் திறந்தபோதே அங்கிருந்த பெருங்கடல் தொட்டிக்கு 1 கோடியே 80 லட்சம் லிட்டர். சாதாரணக் காப்பர் சல்ஃபேட் கணக்கில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வைத்தாலும் 3.6 கிலோ செம்பு கரைய வேண்டும். கரைக்கலாம்தான், ஆனால் அது மாதிரித் தொட்டியில் திருக்கைகளும் சுறாக்களும் இருக்கும். அவற்றுக்குக் காப்பர் ஆகாது. எந்தப் பெரிய காட்சியகமாக இருந்தாலும், புது மீனைத் தனியே வைத்துப் பார்த்து, சிகிச்சை முடித்த பிறகு உள்ளே விடுவதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. உள்ளே வந்தபின் துரத்துவது அவர்களுக்கும் கஷ்டம்.

சுவா சூ காங்: ஏஞ்சல் மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கிறது, கண் மங்கலாக இருக்கிறது, புள்ளி இல்லை. நன்னீரில் முக்கச் சொன்னார்கள்.

பதில்: தட்டைப்புழுவாக இருக்கலாம். ஐந்து நிமிடம் நன்னீரில் வைத்தால் புழுக்கள் வெளுத்து அடியில் விழும், சந்தேகமும் தீரும். ஆனால் நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கிறது. ஒரு நாள் பிடித்து வைத்தால் அது போகாது, நீக்கும் மருந்து கலந்தே ஆக வேண்டும். வெப்பமும் பிஎச்சும் தொட்டியோடு ஒத்துப்போகட்டும். முக்கினால் மட்டும் தீராது. பிறகு சிகிச்சைத் தொட்டியில் பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது என்பதால் ஒரு வாரத்தில் இரண்டாவது முறையும் போடுங்கள்.

ஈசூன், மறுபடி: சிகிச்சை முடிந்த காப்பர் தண்ணீரை எங்கே கொட்டுவது? கீழே சாக்கடையில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. புளோக்குக்குக் கீழே ஓடும் கால்வாய் மழைநீருக்கானது, நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது. கழிவறையில் ஊற்றுங்கள்.