அர்மீனிய மெடல்: உரசியது போதும், தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள்

கேள்வி: மகள் அர்மீனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படித்தபோது, தங்கியிருந்த வீட்டுப் பாட்டி ஒரு மெடல் கொடுத்தார். இரட்டைச் சிகர மலை, கீழே திராட்சைக் கொத்து, புரியாத எழுத்து. பள்ளியில் வாங்கிய தங்க மெடலாம். நகைக்கடையில் உரசிப் பார்த்து, தங்கம்தான், பழைய தங்க விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மலை அரராத். அரராத்தும் திராட்சையும் சேர்ந்தது சோவியத் கால அர்மீனியாவின் சின்னம். மேலே அரிவாள் சுத்தியல் இருக்கிறதா பாருங்கள். ஆங்கில யு மாதிரி இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் இன்னும் உறுதி. அர்மீனியத்தில் அது 'ஸ'. 'சோவியத் சோசலிச' என்பதன் சுருக்கம். கழுகும் சிங்கமும் இருந்திருந்தால் கதையே வேறு, அது சுதந்திர அர்மீனியா 1992-இல் ஏற்றுக்கொண்ட சின்னம்.

சோவியத் பள்ளிகளில் தங்க மெடல் கொடுப்பது 1945-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் நிஜத் தங்கம். பிற்காலத்தில் பெயர் மட்டும் தங்க மெடல், உள்ளே செம்புக் கலவை, மேலே முலாம். மேலாக உரசினால் உரைகல்லில் விழுவது முலாம்தான். எக்ஸ்ரே மிஷினும் மேற்பரப்பைத்தான் படிக்கும். மறுபடி உரச விடாதீர்கள்; அந்தக் கீறலே சேகரிப்பவரிடம் விலையைக் குறைத்துவிடும். பாலிஷும் கூடாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெடலை முதலில் தனியாக நிறுத்துக்கொண்டு, பிறகு நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்க விடுங்கள். மெடலின் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 13-ஐ ஒட்டி வந்தால் 14 காரட். 9-க்குக் கீழே வந்தால் முலாம், சந்தேகமே வேண்டாம்.

சோவியத் தங்க நகைகளில் பெரும்பாலும் 583 என்று முத்திரை இருக்கும். நம் 916-ஐப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தெரியும். பழைய ரஷ்யக் கணக்கில் 96-க்கு 56 பங்கு தங்கம், அதுதான் ஆயிரத்துக்கு 583, அதாவது 14 காரட். ஆகவே மெடல் 583 தரமாக இருந்தால், 10 கிராமில் சுத்தத் தங்கம் 5.83 கிராம். அன்றைய 24 காரட் விலையால் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை, அதற்குக் கீழே இறங்காதீர்கள். ரஷ்ய மெடல்களை விட அர்மீனிய மொழி மெடல்கள் குறைவு, மாணவர்கள் குறைவு என்பதால். பெயர் எழுதிய பள்ளிச் சான்றிதழும் கூட இருந்தால் சேகரிப்பவர் தங்க விலைக்கு மேலேயே கொடுப்பார். முலாம் என்றால் பெரிய தொகை வராது. அப்புறம் அது நினைவுப்பொருள்தான். பாட்டி ஆசையாகக் கொடுத்ததை நானாக இருந்தால் விற்க மாட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. மகளை விட்டுப் பாட்டிக்குப் போன் போடச் சொல்லுங்கள். எந்த வருஷம், எந்த ஊரில் பள்ளி முடித்தார், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி மெடலோடு வையுங்கள்.