பிளாக் ஐட் சூசன் கீழ் இலையில கருப்புப் புள்ளி, செடிய புடுங்கணுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க அமெரிக்கால மேரிலாண்ட் மாநிலத்துல இருக்கோம். போன வருஷம் மே மாசம் வீட்டு முன்னாடி பிளாக் ஐட் சூசன்கிற மஞ்சப் பூச்செடி விதை போட்டேன். வருஷம் பூரா இலை மட்டும்தான், கீரை மாதிரி தரையோட கெடந்துச்சு. இந்த ஜூன்ல தண்டு எழும்பி மொட்டு வைக்குது, ஆனா கீழ் இலையெல்லாம் கருப்புப் புள்ளி விழுந்து காஞ்சு போகுது. தெனமும் சாயங்காலம் ஸ்பிரிங்க்ளர் ஓடுது. வேப்பெண்ணெய் ரெண்டு தடவ அடிச்சும் கேக்கல. பக்கத்து வீட்டுல எல்லாத்தையும் புடுங்கிப் போடச் சொல்றாங்க. என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம்மா. புடுங்காதீங்க, மொட்டு வந்த செடிம்மா அது. நீங்க சொல்றத வச்சு பாத்தா இது செப்டோரியா இலைப்புள்ளி, பூஞ்சான் நோய்தான். இந்தச் செடி இருக்குற நெறைய வீட்டுல இத பாக்கலாம், பாக்க அசிங்கமா இருக்குமே தவிர செடி இதனால சாகுறது ரொம்ப அபூர்வம், பூவும் வரும்.

எப்படி வருதுன்னு புரிஞ்சுகிட்டா பாதி வேலை முடிஞ்சுது. போன வருஷத்து காஞ்ச இலை அடியிலயே கெடக்கும்ல, அதுலதான் பூஞ்சான் குளிர்காலம் பூரா உக்காந்திருக்கும், வசந்தத்துல மழைத்துளி தரையில பட்டு தெறிக்கும்போது பூஞ்சான் வித்து அப்படியே கீழ் இலைல ஒட்டிக்கும், இலை ஈரமா இருந்தா மொளைச்சு உள்ள போயிரும், அப்புறம் ஒவ்வொரு இலையா மேல ஏறும். இப்ப உங்க ஸ்பிரிங்க்ளர யோசிச்சுப் பாருங்க. சாயங்காலம் நனைஞ்ச இலை விடிய விடிய ஈரமாவே நிக்குது. மொதல்ல அத நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம்தான். காலைல ஹோஸ் பைப்ப வேர்கிட்ட வச்சு தண்ணி விடுங்க, வாரத்துக்கு மழையும் சேர்த்து ஒரு இன்ச் தண்ணி போதும், நல்லா வேர் புடிச்ச செடி வறட்சிய தாங்கும்.

புள்ளி விழுந்த கீழ் இலைய செடி காஞ்சிருக்குற நேரமா பாத்து கிள்ளி எடுங்க, ஒரேயடியா மொட்டையடிக்காம மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம பாத்துக்கங்க. அத வீட்டு கம்போஸ்ட்ல போடாம குப்பைப் பையில கட்டிப் போட்டுருங்க. அடியில ரெண்டு இன்ச் மல்ச், அதாவது மண்ண மூடுற மரச்சீவல், பரப்புனா மண்ணு தெறிக்காது. வேப்பெண்ணெய் கேக்கலன்னு வருத்தப்படாதீங்க, புள்ளி விழுந்த இலைய எந்த மருந்தும் திரும்ப பச்சையாக்காது, தாமிர மருந்து கூட நல்ல இலைய காப்பாத்தத்தான். வீட்டுத் தோட்டத்துக்கு மருந்து தேவையில்லங்குறது என் கருத்து.

போன வருஷம் பூக்கலன்னு சொன்னீங்க. அது தப்பு இல்லம்மா. நீங்க வச்சது ருட்பெக்கியா ஹிர்டாங்குற இனமா இருக்கணும், இலைய தடவிப் பாருங்க, சொரசொரன்னு முடியா இருந்தா அதேதான், ஹிர்டான்னாலே லத்தீன்ல முடி உள்ளதுன்னு அர்த்தம். மொத வருஷம் இலை, ரெண்டாம் வருஷம் பூ, பூத்து முடிச்சதும் நெறைய செடி செத்துரும், அது அதோட சுபாவம், அடுத்த வருஷம் காணோம்னா மனசு ஒடைஞ்சு போயிராதீங்க. உங்க மாநிலப் பூவே இதுதான், 1918ல இருந்து. அங்க மே மாசம் நடக்குற ப்ரீக்னெஸ் குதிரைப் பந்தயத்துல ஜெயிச்ச குதிரைக்கு இந்தப் பூவோட பேர்ல ஒரு போர்வை போடுவாங்க, ஆனா மே மாசத்துல இது பூக்காதே, அதனால வேற மஞ்சப் பூவ வச்சுத்தான் தைக்கிறாங்க. உங்க தோட்டத்துலயும் ஜூலைல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் பாக்கலாம்.

வருஷா வருஷம் அதே வேர்ல இருந்து வரணும்னா ருட்பெக்கியாவுலயே ஃபுல்ஜிடாங்குற இன்னொரு இனத்த வாங்குங்க. அதுல கோல்ட்ஸ்டர்ம்கிற ரகம் ரொம்ப பேமஸ், ஆனா இந்தப் புள்ளி நோய் அதுல மோசமா வரும். அமெரிக்கன் கோல்ட் ரஷ்னு ஒரு கலப்பு ரகம் இருக்கு, 2023க்கான சிறந்த பல்லாண்டுச் செடின்னு தேர்ந்தெடுத்தாங்க, நோய நல்லா தாங்குது, நான்னா அதத்தான் வைப்பேன். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்க, காத்து உள்ள பூந்து போகணும். வெயில் ஆறு மணி நேரம் வேணும். உரம் அள்ளிப் போடாதீங்க, தழைச்சத்து கூடுனா தண்டு நீண்டு சாஞ்சுரும்.

வாடுன பூவ கிள்ளுனா இன்னும் பூக்கும், ஆனா செப்டம்பர்ல கிள்றத நிறுத்திருங்க. காஞ்ச பூத்தலைய அப்படியே விட்டா கோல்ட்ஃபிஞ்ச் குருவிங்க விதை தின்ன வரும், அத ஜன்னல்ல இருந்து பாக்குறதுக்கே இந்தச் செடி வளக்கலாம். தண்டு நிக்கட்டும், கீழ விழுந்த இலைய மட்டும் அக்டோபர், நவம்பர்ல சுத்தமா கூட்டி அள்ளிருங்க. ரெண்டு தலைய நீங்க எடுத்து கையால நசுக்கி அதே எடத்துல தூவிருங்க, மேல மண்ணு மூட வேணாம், இந்த விதை மொளைக்க வெளிச்சம் வேணும்.