சீட்டில் மெத்தை கூட்டினால் வலி குறையுமா?

நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களிடமிருந்து சீட் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

ஸ்ப்ளெண்டரில் மாதம் ஒருமுறை திருச்சி போய் வருகிறேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் உட்கார முடியாமல் போகிறது. சீட் கடையில் சொல்லி இரண்டு அங்குலம் மெத்தென்ற ஃபோம் ஏற்றினேன். முதல் அரைமணி நேரம் சொகுசு, அப்புறம் பழைய சீட்டே தேவலை என்றாகிவிட்டது. என்ன தப்பு?
– தாம்பரம் வாசகர்

கடைக்காரர் போட்டது பெரும்பாலும் சோபாவுக்கான ஃபோமாக இருக்கும். உட்காரும்போது உடல் எடையில் பெரும்பங்கு புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில்தான் இறங்குகிறது. மெத்தென்ற ஃபோம் அந்த இரண்டு இடத்திலும் அமுங்கிப்போய் எலும்பை அடியிலுள்ள பிளாஸ்டிக் பேஸில் உட்கார வைத்துவிடும். சுற்றியிருக்கும் ஃபோம் மட்டும் எழும்பி நின்று தொடை இடுக்கை நெரிக்கும். மரத்துப்போவது அதனால்தான். கையை முஷ்டியாக மடக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். பேஸ் தட்டுப்பட்டால் அந்த ஃபோம் வேலைக்கு ஆகாது.

அடுத்து, உங்கள் எலும்பு அளவை எடுங்கள். வரிவரியான அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை வாசற்படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பாதங்களைக் கொஞ்சம் தூக்கி இரண்டு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் பதிந்திருக்கும். நடுவிலிருந்து நடு வரை அளந்தால் பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ.க்குள் வரும். இந்த இரண்டு புள்ளியும் சீட்டின் அகலத்துக்குள், ஓரம் சரியத் தொடங்கும் இடத்துக்கு முன்பே விழ வேண்டும். டேங்கை ஒட்டி உட்கார்ந்தால் விழாது, அங்கே சீட் குறுகல். யாரும் வேண்டுமென்றே முன்னால் போய் உட்காருவதில்லை. சரிவான சீட்டும் வழுக்கும் ரெக்சினும், ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர்களை டேங்கை நோக்கித் தள்ளிவிடுகின்றன. சென்டர் ஸ்டாண்ட் போடாமல், ஒருவர் பைக்கை நேராகப் பிடிக்க, நீங்கள் உட்காரும் இடத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஃபோமைத் தொடுவது அதற்கப்புறம்.

ஃபோம் போடும்போது இரண்டு அடுக்காகக் கேளுங்கள். கீழே ஒரு அங்குலம் ரீபாண்டட், அதாவது ஃபோம் துண்டுகளை அமுக்கி ஒட்டிய கெட்டி ஃபோம்; டென்சிட்டி (ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அடர்த்தி) 80க்கு மேல். அதன்மேல் அரை அங்குலம் எச்.ஆர். ஃபோம் (அமுக்கினாலும் உடனே எழும்பும் வகை), டென்சிட்டி 40 முதல் 50. டென்சிட்டி வேறு, கடினம் வேறு என்பதைக் கடையில் குழப்பிவிடுவார்கள்: குறைந்த டென்சிட்டி ஃபோமும் புதிதில் விறைப்பாக இருக்கலாம், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். வெறும் ரீபாண்டட் மட்டும் போட்டால் பலகையில் உட்கார்ந்த மாதிரிதான். ஒட்டுவதற்கு எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அமுக்க வேண்டும். ஈரமாகவே ஒட்டினால் வெயிலில் அடுக்கு கழன்று நகரும். வடிவத்துக்கு கிரைண்டரில் சொரசொரப்பான ஃபிளாப் டிஸ்க் போட்டுத் தேய்ப்பார்கள். எலும்பு இறங்கும் இடங்களில் லேசான குழிவும், நடுவில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு செ.மீ. ஆழ வாய்க்காலும் போதும். தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள்.

நல்ல ஃபோமையும் கெடுப்பது கவர்தான். குழிவின்மேல் ரெக்சினை மத்தளத் தோல்போல இழுத்துக் கட்டிவிட்டால், குழிவு இருந்தும் இல்லாததுதான். நாலாபக்கமும் இழுபடும் ரெக்சின் வாங்குங்கள். எலும்பு படும் இடத்தில் தையல் வரவே கூடாது. முதலில் நாலைந்து ஸ்டேப்ளர் பின் மட்டும் அடித்து கவரைப் பிடிக்க வைத்து, இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்து முழுசாக அடிக்கலாம் என்று பேசி வையுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஜெல் பேடா, காற்று குஷனா?
– ஈரோடு வாசகர்

ஜெல் அமுங்குவதில்லை, பாரத்தைப் பக்கவாட்டில் பரப்பும். அதற்கு மேலே ஒரு செ.மீ. ஃபோம் இருக்க வேண்டும். கவருக்கு நேர் கீழே வைத்தால் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்காரும்போது தோசைக்கல்தான். காற்று குஷன் நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தம், ஆனால் எல்லாரும் செய்யும் தப்பு புடைக்க ஊதுவது. ஊதிவிட்டு, பைக்கில் உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து காற்றை விடுங்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம் மிஞ்சும்போது மூடிவிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் வளைவுகளில் பைக் உங்களுக்குக் கீழே நழுவுவது போல இருக்கும்.

சீட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் வலது கால் மட்டும் மரத்துப்போகிறது.
– நாகர்கோவில் வாசகர்

பர்ஸ் எந்தப் பாக்கெட்டில்? வலது பின் பாக்கெட் என்றால் அதைச் சட்டைக்கு மாற்றுங்கள். இடுப்பை ஒருபக்கம் தூக்கி, காலுக்கு இறங்கும் நரம்பை அது அழுத்துகிறது. பர்ஸை எடுத்தபின்னும் மரத்தால் டாக்டரைப் பாருங்கள், சீட் கடைக்குப் போகாதீர்கள்.

என் உயரம் 165 செ.மீ. ஹிமாலயன் 450 வாங்கியிருக்கிறேன். கால் சரியாக எட்டவில்லை, சீட்டைக் குடையலாமா?
– ஓசூர் வாசகர்

உங்கள் சீட்டை 825, 845 மி.மீ. என இரண்டு உயரத்தில் மாட்டலாம். முதலில் அது 825இல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால், உயரத்தைக் குடையாமல் முன்பகுதியின் இரு ஓரங்களைச் சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். கால் நேராகக் கீழே இறங்க விடாமல் தொடையைத் தள்ளிப் பிடிப்பது அந்த ஓரம்தான். நடுவில் குடைந்தால் ஃபோம் மெலிந்து, தாம்பரம் வாசகரின் பிரச்சினை உங்களுக்கும் வந்து சேரும்.

மழைக்கப்புறம் இரண்டு நாளானாலும் உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது.
– ஊட்டி வாசகர்

தையல் துளைகள் வழியாக இறங்கிய தண்ணீரை ஃபோம் ஸ்பாஞ்சாகக் குடித்து வைத்திருக்கிறது. கவரைக் கழற்றி, துண்டு வைத்து அமுக்கிப் பிழிந்து, நிழலில் காற்றாட முழுசாக உலர விடுங்கள். மறுபடி மாட்டும் முன் தையலின் உள்பக்கம் ரப்பர் பசை ஒரு பூச்சு. பேஸின் தாழ்வான இடத்தில் வடிதுளை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். கவரை அடிக்கும் ஸ்டேப்ளர் பின் 6 மி.மீ. போதும், துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். நீளமான பின் பேஸைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தால், அதுவே தண்ணீருக்குப் புது வழி.