வனக்காப்பாளர் வழக்குப் பணிக்கு மாற என்ன பயிற்சி வேண்டும்?

களக்காடு பக்கம் வனக்காப்பாளராக இருப்பதாகவும், வனக் குற்ற வழக்குப் பணிக்கு மாற விரும்புவதாகவும், சட்டம் படிக்காமல் முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். வக்கீல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். வாதாடப்போவது அரசு வழக்கறிஞர்; அவர் கையில் ஓட்டையில்லாத வழக்குக் கட்டு ஒன்றைக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. அந்தக் கட்டு கோர்ட்டில் உருவாவதில்லை, காட்டில் முதல் சில மணி நேரத்தில் உருவாகிறது. கோவை வன அகாதமி, வைகை அணை பயிற்சிக் கல்லூரி, டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் எல்லாம் பயிற்சி நடத்துகின்றன. பெயர் துறை வழியாகத்தான் போகும். ரேஞ்சரிடம் இப்போதே எழுதிக் கொடுத்து வையுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

முதலில் மகஜர், அதாவது சம்பவ இடத்திலேயே சாட்சிகள் முன் எழுதும் பதிவு, எழுதப் பழகுங்கள். விலங்குக்கு வைத்த சுருக்குக் கண்ணி ஒன்று கிடைத்தால் கை வைக்காமல் தூரத்துப் படம், கிட்டத்துப் படம், பிறகு அளவுகோல் வைத்து ஒரு படம். வளையத்தின் குறுக்களவு, தரைக்கும் அடிவிளிம்புக்கும் உள்ள உயரம், கம்பி கிளட்ச் ஒயரா கட்டுக்கம்பியா, எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் மகஜரில் வர வேண்டும். கழற்றும்போது முடிச்சை அவிழ்க்கவே கூடாது. முடிச்சுக்குத் தள்ளி வெட்டி, நீங்கள் வெட்டிய இரண்டு முனையிலும் சீட்டுக் கட்டுங்கள். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வீட்டில் கிடைக்கும் கம்பியோடு ஒப்பிட, அவர் வெட்டிய முனை எது, நீங்கள் வெட்டியது எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஜிபிஎஸ் எண்ணில்தான் பலரும் மாட்டுகிறார்கள். கருவி 8 டிகிரி 41.5 நிமிடம் என்று காட்டுவதை 8.415 டிகிரி என்று எழுதினால், பாபநாசம் மலையில் நடந்தது காகிதத்தில் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, களக்காட்டையும் தாண்டிப் போய்விடும். சரணாலயத்துக்குள் வேட்டை என்பதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவில் குறைந்தது 3 ஆண்டு சிறை. இடம் உள்ளேதான் என்று நிரூபிக்காவிட்டால் அந்தத் தண்டனையைக் கேட்க முடியாது. எல்லைக்கல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், எல்லை அறிவிக்கையின் சான்றிட்ட நகலைக் கட்டில் வையுங்கள்.

இறைச்சி பிடித்தால் "மிளா (கடமான்) இறைச்சி" என்று எழுதாதீர்கள். "மிளா இறைச்சி எனச் சந்தேகிக்கப்படும்" என்று எழுதுங்கள். எது என்று சொல்ல வேண்டியது ஆய்வகம். மாதிரியை ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். சுத்தமான எத்தனாலில், சதை ஒரு பங்கென்றால் திரவம் குறைந்தது ஐந்து பங்கு. ரத்தக் கறை பட்ட துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள்; பாலித்தீனில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அரக்கு முத்திரையின் மாதிரிப் பதிவை மகஜரிலும் ஆய்வகக் கடிதத்திலும் வையுங்கள். கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டில் ஒப்படைக்கும் படிவம் 95-இல் இருக்கும் எண்ணிக்கையும் எடையும் மகஜரோடு ஒத்துப்போக வேண்டும்.

வீடியோ: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் பதிவு செய்யச் சொல்கிறது. தொடக்கம் முதல் பட்டியலில் கையெழுத்து வாங்கும் வரை வெட்டாமல் எடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய கோப்பைச் சான்றாகக் கொடுக்காதீர்கள். அது சுருங்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பே மாறிப்போகும். மூலக் கோப்போடு புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

வாக்குமூலம் யார் வாங்குவது என்பதிலும் குழப்பம் உண்டு. வனவிலங்குச் சட்டம் 50(8)-இன்படி உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாதவர், எதிரி முன்னிலையில் பதிவு செய்த சாட்சியம்தான் பிறகு விசாரணையில் ஏற்கப்படும். உங்கள் நோட்டில் எழுதி வாங்கியதற்கு அந்தத் தகுதி கிடையாது.

நம் வழக்கு போலீஸ் குற்றப்பத்திரிகை போல் அல்ல, 55-ஆம் பிரிவில் புகார் மனு. அதனால் வாரண்ட் வழக்கில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே சாட்சிகள் ஒருமுறை கூண்டேற வேண்டும், வனைந்த பிறகு குறுக்கு விசாரணைக்கு மறுபடியும். இடையில் வருடங்கள் ஓடலாம். "கையெழுத்துப் போட்டது காட்டிலா, ஆபீஸிலா?", "டார்ச் எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், வெளிச்சம், பொதுச் சாட்சி கிடைக்காத காரணம் நான்கும் மகஜரில் இருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சுருக்கை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர், பல இடங்களில் காணிக்காரப் பழங்குடியினர்தான். மகஜரில் அவர் பெயர் கடைசியில் வரும், சில கட்டுகளில் வரவே வராது. தற்காலிகச் சம்பளக்காரர், சாட்சி சொல்ல மலையிறங்கி அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும், சாட்சிப் படியும் நேரத்துக்குக் கைக்கு வராது. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, ஆனால் இது அநியாயம். முதலில் கண்டவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

விடுதலையான பழைய வழக்குகளின் தீர்ப்பு நகல் ரேஞ்ச் அலுவலகத்திலேயே கிடைக்கும். நீதிபதி எந்த வரியில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தார் என்று அடிக்கோடிட்டுப் படியுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் உயிரினங்களைப் பட்டியலிடும் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்துவிட்டது. பழைய அச்சடித்த படிவத்தில் உள்ள அட்டவணை எண்ணை அப்படியே நிரப்பிவிடாதீர்கள்.