விலை, வரி, வெங்காயம்: பொருளியல் கேள்வி பதில்

இம்முறை யாழ்ப்பாணத்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பகுதி விலைவாசி பற்றியவை. உயர்தர வகுப்பில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த துறைக்குள் நின்று பதில் தருகிறேன்.

நல்லூர் வாசகர்: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். திருநெல்வேலிச் சந்தையில் ஒன்றின் விலையும் குறையவில்லையே, ஐயா?

இரண்டும் உண்மை. பணவீக்கம் என்பது விலைகள் ஏறுகின்ற வேகம். அந்த வேகம் தணிந்தால் ஏறிய விலை இறங்கிவிடாது, ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தை விட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. அடுத்த செப்டெம்பரில் உயர்வு 1.3 சதவீதம் மட்டுமே. 2024 செப்டெம்பரில் 0.5 சதவீதம் வீழ்ச்சி. இவற்றைத் தொடராகப் பெருக்கிப் பாருங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கள் மூன்று ஆண்டுகளின் பின் ஏறக்குறைய 171 ரூபாய். உங்கள் சம்பளம் அந்த அளவுக்கு உயர்ந்திராவிட்டால், பணவீக்கம் பூச்சியமானாலும் நீங்கள் முன்பை விட வறியவரே.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், அது எந்த மாதத்தோடு ஒப்பிட்டது, எந்த ஊரின் விலை என்று உடனே கேளுங்கள். மேலே சொன்ன சுட்டெண் கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் செலவைக் கொண்டு கணிக்கப்படுவது. வேலணையில் வாழும் குடும்பத்தின் செலவு அதிலிருந்து வேறுபட்டே இருக்கும்.

கோப்பாய் வாசகர்: வற் வரி (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம். பணக்காரரும் ஏழையும் ஒரே வரியைக் கட்டுவது நியாயமா?

நியாயமன்று என்பதே என் கருத்து. 2019 இறுதியில் இவ்வரி 15 இலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியும் கூடவே தளர்த்தப்பட்டது. அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் பத்திலொரு பங்குக்கும் கீழே விழுந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியதற்கு இது ஒரே காரணமன்று, ஆயினும் பெரிய காரணங்களுள் ஒன்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உறுதியான ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டம், வட்டிச் செலவு நீங்கலான உபரியை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதமாக 2025 இல் எட்டவேண்டும் என்று கேட்டது. அரசாங்கம் மிக விரைவாக வசூலிக்கக்கூடிய வழியாக வற் வரியை நாடி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கியது. கையில் வரும் அனைத்தையும் செலவழித்தே வாழும் குடும்பம் தன் வருமானத்தில் கூடிய பங்கை இவ்வரியாகக் கொடுக்கிறது; சேமிக்கக்கூடியவர் குறைந்த பங்கைக் கொடுக்கிறார். வரி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சொத்து மீதும் உயர்ந்த வருமானம் மீதும் வரி அறவிடும் நிர்வாகத்தைக் கட்டியெழுப்பாமல் சவர்க்காரத்தின் மீது வரி போடுவதையே நான் எதிர்க்கிறேன்.

காரைநகர் வாசகர்: ரொறன்ரோவில் உள்ள மகன் உண்டியலில் அனுப்பலாமா, வங்கியில் அனுப்பலாமா?

வங்கியில். உண்டியல் என்பது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் முறை. 2021 இல் மத்திய வங்கி டொலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தபோது உண்டியல்காரர் ஒரு டொலருக்குக் கூடுதலாகக் கொடுத்தனர். வங்கி வழியே நாட்டுக்கு வந்த தொழிலாளர் பணம் 2020 இன் 710 கோடி டொலரிலிருந்து 2022 இல் 380 கோடி வரை சரிந்தது. 2022 மார்ச்சில் நாணய மாற்று வீதம் தளர்த்தப்பட்ட பின் அந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிட்டது. இன்று உண்டியலில் எஞ்சியிருப்பது ஆபத்து மட்டுமே.

சாவகச்சேரி வாசகர்: பொருட்களின் விலை பழைய நிலைக்கு எப்போது வரும்?

வராது. முதலாவது பதிலைப் படியுங்கள்.

பருத்தித்துறை வாசகர்: அம்மம்மாவின் காணி உறுதி தொலைந்துவிட்டது.

நொத்தாரிசு ஒருவரைப் பாருங்கள்.

உரும்பிராய்த் தோட்டக்காரர்: அறுவடை நேரத்தில் இந்திய வெங்காயத்தையும் கிழங்கையும் இறக்கி எங்களை அழிக்கிறார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதியை நிறுத்தியது போல ஏன் இன்று செய்ய முடியாது?

உங்கள் கோபத்தில் பாதி சரி. அந்த ஆண்டுகளில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் வலிகாமத்துத் தோட்டக்காரரின் கையில் பணம் புழங்கியது. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் போன இளைஞர்களும் மிளகாய் நட்டு முன்னேறினர். ஆயினும் அதே ஆண்டுகளில் பாணுக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு செல்வதற்குக்கூடக் கட்டுப்பாடு இருந்தது. தோட்டமில்லாத குடும்பங்களும் யாழ்ப்பாணத்தில் இருந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது.

கொக்குவில் இளைஞர் (மேற்படி பதிலுக்கு): 1977 இன் திறந்த பொருளாதாரம்தான் வடக்கின் விவசாயத்தைக் கொன்றது. இதை ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

சுற்றி வளைக்கவில்லை, தம்பி. 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட்டபோது விழுந்தது விலை. 1990 களில், போரின்போது வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் இழந்தது எரிபொருளும் உரமும் தென்னிலங்கைச் சந்தையும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறந்து 2006 இல் மீண்டும் மூடியதை நீங்கள் சிறுவயதில் கண்டிருப்பீர்கள். விலை வீழ்ச்சியை ஒரு தோட்டக்காரர் பயிரை மாற்றியாவது சமாளிப்பார். மண்ணெண்ணெய் இன்றித் தண்ணீர் இறைக்க முடியாதவர் எதனால் சமாளிப்பார்? இரு அடிகளையும் ஒன்றாக்கி முதலாவதன் மேல் மட்டும் பழி போட்டால், இரண்டாவதற்குப் பொறுப்பானவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

குருநகர்க் குடும்பத்தலைவி (மேற்படி விவாதத்துக்கு): எங்கள் வீட்டில் மீன் பிடிக்கிறார்கள், வெங்காயம் வாங்குகிறோம். தோட்டக்காரருக்காக நாங்கள் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

அம்மா, இந்த விவாதத்தில் காணாமற் போயிருந்த கேள்வி இதுவே. இறக்குமதி வெங்காயம், கிழங்கு மீதான வரியாகிய விசேட வியாபாரப் பண்ட அறவீடு இரவோடிரவாக வர்த்தமானியில் மாறக்கூடியது. களஞ்சியம் வைத்திருக்கும் வியாபாரி வரி ஏறுமுன் இறக்கிச் சேமித்து, ஏறியபின் விற்கிறார். குளிர்க்களஞ்சிய வசதியில்லாத தோட்டக்காரர் மாசி, பங்குனியில் கிண்டிய கிழங்கை வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி தோட்டத்துக்கே போய்ச் சேர்வதில்லை. விலை உயர்ந்தால் இன்னும் கூடுதலாக யூரியா போட்டு, இன்னும் ஆழமாக இறைப்பார்கள் என்பதும் என் கவலை. நமது சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில், உரத்திலிருந்து கசியும் நைத்திரேற்று ஏறியிருப்பது தோட்டப் பகுதிக் கிணறுகளில்தான். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் தோட்டக்காரர்களின் பிள்ளைகளே.

மானிப்பாய் வாசகர்: பணவீக்கம் குறைந்தால் விலை குறைய வேண்டும் அல்லவா?

மூன்றாவது முறையாக: இல்லை. இதே கேள்வியை அனுப்பிய ஏனையோருக்கும் இதுவே பதில்.

சங்கானை வாசகர்: கைபேசிச் செயலி ஒன்றில் மாதம் 10 சதவீதம் தருகிறார்கள். ஆட்கள் சேர்த்தால் மேலும் தருவார்களாம். சேரலாமா?

சேராதீர்கள். இப்படி ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் பிரமிட் திட்டம் நடத்துவது வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். மாதம் 10 சதவீதம் என்றால் கூட்டுவட்டியில் போட்ட பணம் ஓராண்டில் மூன்று மடங்குக்கு மேலாகும். எந்தத் தொழில் இதைத் தரும் என்று அவர்களிடமே கேளுங்கள். பிறருக்கு முன்னே பணம் கிடைத்தது என்பது சான்றாகாது. அது பின்னே வந்தவரின் பணம்.

உரும்பிராய்த் தோட்டக்காரர் (மீண்டும்): அப்படியானால் எங்களுக்கு என்ன வழி சொல்கிறீர்கள்?

கார்த்திகையில் கிழங்கு நடுவதற்கு முன்பே, மாசியிலும் பங்குனியிலும் எவ்வளவு அறவீடு இருக்கும் என்பதை அரசாங்கம் அறிவித்து, அதை இடையில் மாற்றாதிருக்க வேண்டும். நடும்போதே வரி தெரிந்தால் எவ்வளவு நடுவது என்று நீங்கள் தீர்மானிப்பீர்கள். இரகசியமாக முன்கூட்டி அறிந்து இறக்குவோரின் இலாபமும் குறையும். அத்துடன் வலிகாமத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் ஒரு குளிர்க்களஞ்சியம் வேண்டும். இவ்விரண்டையும் உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்டச் செயலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். வரைவு எழுத உதவி தேவையானால் நான் எழுதித் தருகிறேன்.